ஆடிட்டர் பெயரில் ஒரு மெயில்

கேள்வி: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, கட்டணத்தைப் புதுக் கணக்கில் போடுங்கள்" என்று ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. 42,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். மோசடி என்று இப்போதுதான் தெரிகிறது.
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: உங்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். மெயிலைப் பார்த்தேன். அனுப்பியவர் முகவரியில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை பார்த்தபோதுதான் எனக்கே பிடிபட்டது. முதல் வேலை, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. அப்புறம் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

என் கோபம் ஆடிட்டர்கள், வக்கீல்கள் மேல்தான். வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை. மெயில் மட்டும் இலவச ஜிமெயிலில். அதே பெயரோடு ஒரு எண்ணைச் சேர்த்து யார் வேண்டுமானாலும் இன்னொரு கணக்கு தொடங்கலாமே! கட்சிக்காரர் எதை வைத்து அடையாளம் காண்பார்? சொந்த டொமைன் பெயருக்கு, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயருக்கு, ஆண்டுக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்ப் பக்கம்தான் ஆகும். கணக்கு எண் மாறினால் போனில் கூப்பிட்டுச் சொல்வதும் அவர்கள் கடமை. அவர்கள் கூப்பிடாவிட்டால் நீங்கள் கூப்பிடுங்கள், பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு. மெயிலில் உள்ள எண்ணை எடுத்தால் திருடனே பேசுவான்.

கேள்வி: வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் என்று ஒரு மெயில். உண்மையா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். 2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களுக்கு 'டின்' என்ற ஆவண எண் உண்டு. இ-ஃபைலிங் தளத்துக்கு நீங்களே போய் அந்த எண்ணைச் சரிபாருங்கள்.

கேள்வி: வங்கி மெயில் என்று நம்பி ஓடிபி கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் புகார் செய்தேன். வங்கி பணம் தருமா?
– வாசகர், சேலம்

பதில்: ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் போன பணம் புகார் கொடுக்கும்வரை நம் நஷ்டம்தான். அதற்குப் பிறகு போனால் வங்கி பொறுப்பு. ஓடிபி கொடுக்காதே என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருக்கிறது. சரி, பத்து நாள் என்ன செய்தீர்கள்?

கேள்வி: ஆன்டிவைரஸ் சந்தாவைப் புதுப்பிக்க மெயில் வந்திருக்கிறது. கட்டலாமா?
– மாணவர், கோவை

பதில்: வேண்டாம். மென்பொருளைத் திறந்து அதிலேயே காலாவதித் தேதியைப் பாருங்கள். இப்படி ஒரு மெயிலை நம்பி நான் 2,199 ரூபாய் கட்டினேன். மூன்றே நாளில் உண்மையான நிறுவனத்தின் நினைவூட்டல் வந்தது. வயிறு எரிந்தது.