தேங்காய்ப் பாலில் எலுமிச்சை பிழிந்து குளிர்பானம் செய்தால் ஏன் திரிந்துவிடுகிறது?

தேங்காய்ப் பால் என்பது துருவிய தேங்காயை வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழிந்தெடுப்பது. அதில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் நீரில் மிதக்க, அவை ஒன்றோடொன்று ஒட்டாதபடி தேங்காயின் புரதம் அவற்றைப் போர்த்தி நிற்கிறது. எலுமிச்சையின் புளிப்பு பட்டதும் அந்தப் புரதம் சுருண்டு திரள்கிறது, துளிகள் ஒன்று சேர்கின்றன. காய்ச்சிய பாலில் மோர் தெறித்தால் நேர்வதும் ஏறக்குறைய இதுவே. சூடு இருந்தால் திரிதல் விரைவாகும். செங்கோட்டைப் பக்கம் சொதி என்னும் தேங்காய்ப் பால் குழம்பு வைப்பவர்கள் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சை பிழிவது இதனால்தான்.

ஆகவே, ஒரு மூடித் தேங்காயின் முதல் பாலை நன்றாக ஆறவிடுங்கள். ஒரு எலுமிச்சையின் சாறு, மூன்று தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை ஒரு குவளைக் குளிர்ந்த நீரில் முதலில் கரைத்து, பாலைக் கடைசியில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, உடனே பருக வேண்டும். பனிக்கட்டியை அளவோடு சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து: தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்குவதால், மார்கழிக் காலையில் எண்ணெய்ப் புட்டியில் பார்ப்பது போன்ற வெள்ளைத் துணுக்குகள் குவளையிலும் தோன்றக்கூடும்.

திரிந்த பானம் கெட்டுப்போனது என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். புதிதாகப் பிழிந்த பாலாக இருந்தால் அது கெடவில்லை, வழவழப்பை மட்டுமே இழந்திருக்கிறது.