பார்க்கிங்கில் ஆமைக்குஞ்சு: விளக்கை என்ன செய்வது?

கேள்வி: நீலாங்கரையில் கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. போன ஏப்ரலில் ஒரு நாள் நள்ளிரவு, ஆமைக்குஞ்சுகள் கடல் பக்கம் போகாமல் எங்கள் கார் பார்க்கிங்குக்குள் வந்துவிட்டன. பிள்ளைகள் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, அதில் போட்டுக் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். எங்கள் விளக்குதான் காரணம் என்கிறார்கள். அணைத்தால் திருட்டுப் பயம். மஞ்சள் பல்பு மாட்டினால் போதுமா? அடுத்த முறை முட்டைகளை நாங்களே எடுத்துப் பத்திரமான இடத்தில் புதைக்கலாமா? - குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: முட்டையைத் தொடவே வேண்டாம். இட்ட சில மணி நேரத்திலேயே கரு முட்டையின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதன்பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும், ஆனால் வெளியே பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. வனத்துறையினரும் 1988 முதல் சென்னைக் கரையில் இரவு ரோந்து நடக்கும் மாணவர்களும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் ஆமை முட்டையிட்ட அதே இரவில், அனுமதியோடு, பழகிய கையோடு எடுப்பவர்கள். உங்கள் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. நல்லெண்ணத்தில் தோண்டினாலும் அது குற்றம்தான்.

இப்போது விளக்கு. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். பொரிந்த குஞ்சுகள் உடனே வெளியே வருவதில்லை. மணலுக்குள் காத்திருந்து, இரவில் மேல்மணல் குளிர்ந்ததும் மொத்தமாகக் கிளம்பும். அவற்றுக்குக் கடல் எது, ஊர் எது என்று தெரியாது. அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக, அகலமாக எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். உயரமாக இருட்டாக நிற்பதை விட்டு விலகும். விளக்கே இல்லாத கரையில் வெளிச்சமான பக்கம் கடல்தான். ஈசிஆர் ஓரத்தில் அது உங்கள் மொட்டைமாடி ஃப்ளட்லைட்.

மஞ்சள் பல்பு விஷயத்தில் கடைக்காரர் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். 'வார்ம் ஒயிட்' என்று விற்பது நம் கண்ணுக்குத்தான் மஞ்சள். எல்இடியில் அந்த நிறம் பெரும்பாலும் நீல ஒளியிலிருந்து கிடைப்பதுதான், மிச்ச நீலமும் கூடவே வரும். குஞ்சுகளை அதிகம் இழுப்பதும் அந்த நீலம்தான். வீட்டில் பழைய சிடி இருந்தால் பல்பின் வெளிச்சத்தை அதன் பளபளப்புப் பக்கத்தில் பிரதிபலிக்க விட்டுப் பாருங்கள். வானவில் பட்டையில் நீலம் தெரிந்தால் அந்த பல்பு வேண்டாம். நிஜமான ஆம்பர் (செம்மஞ்சள்) எல்இடியில் ஆரஞ்சும் சிவப்பும் மட்டுமே தெரியும். அதுகூட ஆமைகளை இழுக்கவே இழுக்காது என்றில்லை, குறைவாக இழுக்கும்.

ஆகவே நிறத்தைவிட, விளக்கு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முக்கியம். திருடன் வருவது காம்பவுண்டு கேட் வழியாக, வெளிச்சம் தேவைப்படுவது தரையில். கடலைப் பார்த்து நிற்கும் ஃப்ளட்லைட் இரண்டுக்குமே உதவாது, காவலாளியின் கண்ணைத்தான் கூச வைக்கும். அதைக் கழற்றிவிட்டு, இடுப்பளவு உயரத்தில், மேலும் பக்கவாட்டிலும் மூடிய விளக்குகளைத் தரை நோக்கிப் போடுங்கள். கடல் பக்கம் மோஷன் சென்சார் வையுங்கள். ஆள் நடந்தால் எரியும், அப்புறம் அணைந்துவிடும். திடீரென்று எரியும் விளக்கு காவலுக்கும் நல்லதுதான். ரோட்டுப் பக்க விளக்குகள் எரியட்டும், கரையிலிருந்து தெரியாத வரை. கடல் பார்த்த வீட்டுக்காரர்கள் பால்கனி டியூப்லைட்டை அணைத்துத் திரைச்சீலை போட்டாலே பாதி வேலை முடிந்தது. வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தையும் கவனியுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க அமாவாசை இரவில் கரைக்குப் போங்கள். அலை தொடும் இடத்துக்குச் சற்று மேலே மணலில் படுத்து, தலையை ஆமையின் உயரத்தில் வைத்து உங்கள் கட்டிடத்தைப் பாருங்கள். பல்பு நேரடியாகத் தெரிந்தால் தப்பு. எழுந்து நிற்கும்போது உங்கள் நிழல் மணலில் விழுந்தாலும் தப்பு. ஜனவரி முதல் மே கடைசி வரை இந்த ஏற்பாடு இருக்க வேண்டும். மார்ச் இறுதியில் இட்ட முட்டை பொரிய மே மாதம் ஆகிவிடும்.

இத்தனை செய்தும் குஞ்சுகள் உள்ளே வந்தால், முதலில் வனச்சரக அலுவலகத்துக்கு போன். அந்த எண்ணை டிசம்பரிலேயே வாங்கிக் காவலாளி அறையில் ஒட்டிவையுங்கள். அவர்கள் வருவதற்குள் கடல் பக்க விளக்குகளை அணைத்து, வண்டிச் சக்கரத்தடி, மழைநீர் வடிகால், நீச்சல்குளம் எல்லாம் பாருங்கள். யாரும் வண்டியை எடுக்கக் கூடாது. கண்டெடுத்தவற்றை ஈர மணல் பரப்பிய பக்கெட்டில் வைத்துத் துணியால் மூடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம். தண்ணீரைக் கண்டதும் குஞ்சு நீந்தத் தொடங்கிவிடும். முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடலை நோக்கிப் போக, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதற்குச் சாப்பாடு. அதை பக்கெட்டுக்குள்ளேயே செலவழித்துவிட்டால் கடலில் தாங்காது. விடும்போதும் தண்ணீரில் போடாமல், சில மீட்டர் மேலே இருட்டான ஈர மணலில் விட்டுத் தானாக நடக்க விட வேண்டும். டார்ச், செல்போன் ஃபிளாஷ் எதுவும் கூடாது.

பிள்ளைகளைத் திட்டாதீர்கள், சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று: குஞ்சுகள் உங்கள் வாசலுக்கு வந்தன என்றால், ரோந்துக்காரர்கள் கண்ணில் படாத ஒரு கூடு அங்கே இருந்திருக்கிறது. மறுநாள் இரவும் மிச்சக் குஞ்சுகள் கிளம்பக்கூடும், ஆள் நிற்க வேண்டும். அந்த இடத்தை வனத்துறைக்குக் காட்டுங்கள். வரும் சீசனில் உங்கள் காவலாளி விடியற்காலையில் கரையை ஒரு நடை பார்க்கட்டும். சிறிய டிராக்டர் ஏறிப் போனதுபோல் கடலிலிருந்து வந்து திரும்பிய தடம் இருந்தால், மேலே மிதிக்காமல், தோண்டாமல், நாய்களை விரட்டிவிட்டு அதே எண்ணுக்கு போன் செய்தால் போதும்.