ஸ்நேர் டிரம்: மரமா, உலோகமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஆலயத்தில் ஆராதனைக்கு டிரம்ஸ் வாசிக்கிறேன். தரை முழுக்க டைல்ஸ், எதிரொலி அதிகம். கடையில் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு ஸ்நேர் (கீழ்ப்புறம் கம்பிகள் ஓடும் டிரம்) காட்டினார்கள். ஒன்று 14க்கு 5½ அங்குல (விட்டம், ஆழம்) ஸ்டீல், மற்றது 14க்கு 6½ அங்குல மேப்பிள் மரம். எதை எடுக்கலாம்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: மேப்பிளை எடுங்கள். அடிபட்டு ஒலிப்பது ஹெட் எனும், இழுத்துக் கட்டிய சவ்வுதான். அந்த ஒலியில் எதைத் திருப்பித் தருவது, எதை விழுங்குவது என்பதே ஷெல்லின், அதாவது டிரம்மின் வட்ட உடலின் வேலை. ஸ்டீல் ஷெல் விறைப்பானது, உட்புறம் கண்ணாடிபோல வழுவழுப்பு. மேல்ஸ்தாயி ஒலி எதுவும் வீணாகாமல் வெளியே வரும். ரிம்ஷாட் (குச்சி ஹெட்டிலும் அதைச் சுற்றிய ரிம் வளையத்திலும் ஒருசேரப் படும் அடி) விழுந்தால் ‘கிண்’ என்று நீளும். திறந்தவெளி மேடையில் அது வரம். டைல்ஸ் கூடத்திலோ, அதே கீச்சைச் சுவர்களும் திருப்பி அடிக்கும். பாடுபவரின் சொற்கள் அதில் மூழ்கிவிடும். மேப்பிள் அந்த உச்சத்தைக் கொஞ்சம் மழுக்கி, அடியில் ஒரு கனத்தைச் சேர்க்கும். ஒலி சீக்கிரம் அடங்கும். 6½ அங்குல ஆழத்தால் சத்தம் சற்றுக் கூடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஒப்பிடும்போது பெரும்பாலோர் ஏமாறுவது ஓரிடத்தில்தான். ஒன்று இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் டியூன் ஆகியிருக்கும். அந்த வித்தியாசத்தை ஷெல்லின் வித்தியாசம் என்று நம்பி வாங்கிவிடுவார்கள். இரண்டிலும் ஒரே வகை ஹெட் இருக்கிறதா பாருங்கள், ஒரே சுருதிக்கு ஏற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு பத்தடி தள்ளி நின்று, வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆராதனைக்கு வருபவர்கள் கேட்கப்போவது அந்த ஒலியைத்தான்.

வாங்கியதும் மேலே 10 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள, வெள்ளைப் பூச்சு போட்ட ஒற்றை அடுக்கு ஹெட் போடுங்கள். கீழே ஸ்நேருக்கென்றே வரும் 3 மில் ஹெட். இது மிக மெல்லியது, விரல் நகம் அழுந்தினாலே தடம் விழும். ஹெட்டை இறுக்கும் லக் திருகுகள் எல்லாவற்றையும் விரலால் முட்டும்வரை திருகிவிட்டு, எதிரெதிராக அரைச் சுற்று, அரைச் சுற்றாக ஏற்றுங்கள். ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, ஒவ்வொரு லக் அருகிலும் தட்டிக் கேட்டுக் கால் சுற்றில் சரிசெய்யுங்கள். கீழ் ஹெட் மேலதைவிட உயர்ந்த சுருதியில் நிற்கட்டும். கடைசியில் ஸ்நேர் கம்பி. அந்தக் கம்பியை இறுக்கும் ஸ்ட்ரெய்னரின் குமிழை முழுக்கத் தளர்த்தி, ஹெட்டின் நடுவில் விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இறுக்குங்கள். ‘சரசர’ என்ற இழுவை போய்ச் ‘சட்’டென்று பேசும் இடம் ஒன்று வரும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் கம்பி ஹெட்டை அமுக்கி, மெல்லிய அடிகளெல்லாம் செத்துப்போகும். ‘ஸ்நேர் மூச்சுத் திணறுகிறது’ என்று வருபவற்றில் பலவும் இந்தக் குமிழை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் சரியாகிவிடுபவை.

கேள்வி: மிருதங்கத்துக்குப் பலா என்பதுபோல, ஸ்நேருக்கும் மரத்தின் பெயரைக் கேட்டு வாங்கினால் போதாதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போதாது. மிருதங்கக் கட்டை ஒரே மரத்தைக் குடைந்தது. இன்றைய மர ஸ்நேர்களில் பெரும்பாலானவை மெல்லிய தகடுகளைப் பசையிட்டு வளைத்து ஒட்டியவை. மொத்தக் கனம் பொதுவாக 5 முதல் 8 மில்லிமீட்டர். ஒரே பலகையை நீராவியில் வளைத்துச் செய்யும் முறையும் உண்டு. 1930களில் பெயர்பெற்ற ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனத்தின் ரேடியோ கிங் அப்படிச் செய்த மேப்பிள் ஸ்நேர்.

மரத்துக்குக் குணம் இல்லாமல் இல்லை. பர்ச் நடு ஒலியைக் கொஞ்சம் குறைத்து அடியை ‘பட்’டென்று தரும்; மஹோகனி கீழ்ஸ்தாயிப் பக்கம் சாயும். ஆனால் ஹெட் படியும் விளிம்பை 45 டிகிரியில் கூராகச் சீவியிருந்தால் ஹெட் தொடும் இடம் குறைவு; ஒலி பளிச்சென்று நீளும். அதே மரத்தில் விளிம்பை உருட்டி விட்டால் ஒலி குட்டையாக, இதமாகிவிடும். விலை குறைந்த செட்களில் வரும் பாப்ளரும் பாஸ்வுட்டும் பழிக்கத்தக்க மரங்களே அல்ல. அவற்றில் குறை பெரும்பாலும் மேடுபள்ளமான விளிம்பிலும் நழுவும் ஸ்ட்ரெய்னரிலும்தான் இருக்கும். விளிம்பை ஒழுங்காகச் சீவி, நல்ல ஹெட் மாட்டினால் ஆச்சரியப்படுவீர்கள்.

கேள்வி: பழைய ஸ்நேர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. குரோம் பூசியது. ‘உள்ளே பித்தளை’ என்கிறார் விற்பவர். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். ரிம்மில் வைக்காதீர்கள், ரிம் பெரும்பாலும் ஸ்டீல்தான். ஷெல்லில் வையுங்கள். கெட்டியாக ஒட்டிக்கொண்டால் அது ஸ்டீல், பேச்சு முடிந்தது. ஒட்டாவிட்டால் பித்தளையாகவும் இருக்கலாம், அலுமினியமாகவும் இருக்கலாம். அதை எடை சொல்லும். 14க்கு 5 அங்குலத்தில் 1 மில்லிமீட்டர் தகடு என்று கணக்குப் போட்டால், வெறும் ஷெல் பித்தளையில் சுமார் 1.2 கிலோ வரும். அலுமினியத்தில் 400 கிராம்கூட வராது. கையில் தூக்கினாலே தெரிந்துவிடும். பித்தளையாகவே இருந்தால் ஸ்டீலின் கூர்மையோடு அடியில் ஒரு சதைப்பற்றும் கேட்கும். கொடுக்கும் காசுக்குத் தகும்.

உலோகம் உறுதியான பிறகு ஹெட்களைக் கழற்றச் சொல்லுங்கள். சமையலறைக் கிரானைட் மேடையில் மேல் விளிம்பு கீழே படும்படி கவிழ்த்து வைத்து, ஷெல்லுக்குள் டார்ச் அடித்து, வெளியிலிருந்து பாருங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் விளிம்பு கோணல், டியூன் நிற்காது. கீழ் விளிம்பை வைக்கும்போது எதிரெதிராக இரண்டு இடங்களில் கீற்றாக வெளிச்சம் தெரியும். பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ஸ்நேர் கம்பி ஹெட்டோடு ஒட்டிப் படியட்டும் என்று வேண்டுமென்றே எடுத்த பள்ளம் அது. விட்டத்தை நான்கு திசைகளில் அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: பேஸ் கிட்டார் வாசித்தாலே ஸ்நேர் ‘சர்’ரென்று அதிர்கிறது. ஷெல்லை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம், எந்த ஷெல்லிலும் இது வரும். டாமும் (செட்டில் கம்பியில்லாத டிரம்) ஸ்நேரும் ஒரே சுருதியில் நிற்கின்றனவா என்று முதலில் பார்த்து, ஒன்றை மாற்றுங்கள். பிறகு கீழ் ஹெட்டில் ஸ்நேர் கம்பியின் இரு முனைகளுக்கும் பக்கத்திலுள்ள நான்கு திருகுகளை மட்டும் கால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அதிர்வு பாதியாகும், முழுக்கப் போகாது. கம்பிகளில் ஒன்று வளைந்து தொங்கினால் அதை மட்டும் இரு முனையிலும் வெட்டிவிடலாம். 20 இழையில் ஒன்று போனால் ஒலியில் தெரியாது.

கேள்வி: அலுமினியம் மலிவு உலோகமாயிற்றே, அதில் ஸ்நேர் வாங்கலாமா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: தாராளமாக. லுட்விக் நிறுவனத்தின் சூப்ராஃபோனிக் 1960களிலிருந்து அலுமினிய ஷெல்லில் வருகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் அதற்கு இருக்கும் மதிப்பு உலகம் அறிந்தது. ஸ்டீல் அளவுக்கு நீண்டு முழங்காது, மெல்லிய அடிக்கும் உடனே பேசும். ஆனால் அலுமினியத்தின்மேல் குரோம் சரியாகப் பிடிக்காது, புள்ளி புள்ளியாகப் பொரிந்து உதிரும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குக் குரோம் பூசாத அலுமினிய ஷெல்லே பொருத்தம். வாசித்து முடித்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை திருகுகளைக் கழற்றித் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.