நாய் குரைப்பது போல இருமல்: ஆவி பிடிக்கலாமா?

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு இரண்டு நாளாகச் சளி. மூன்றாம் நாள் நள்ளிரவில் நாய் குரைப்பது போல இருமிக்கொண்டு எழுந்தான். குரல் கம்மிவிட்டது. மூச்சை இழுக்கும்போது ஒரு கரகரப்புச் சத்தம். மாமியார் ஆவி பிடிக்கச் சொன்னார். நாங்கள் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போவதற்குள் பாதி சரியாகிவிட்டது. டாக்டர் ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். ஆன்டிபயாடிக்கும் இல்லை, இருமல் சிரப்பும் இல்லை. அது போதுமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: போதும். இதற்குப் பெயர் குரூப். பெரும்பாலும் பாராஇன்ஃபுளுயென்சா வைரஸின் வேலை. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுப்பாதை வீங்குகிறது. இந்த வயதில் அந்த இடம் ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா அளவுதான். ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலே பாதி வழி அடைபட்டுவிடும். அந்த ஒரு வேளை மருந்து டெக்ஸாமெத்தசோனாக இருக்கும். ஸ்டீராய்டு என்று பயப்படாதீர்கள், வீக்கத்தை வடியவைப்பது அதுதான். மூச்சுத்திணறல் அதிகமானால் அட்ரினலினை நெபுலைசரில் கொடுத்து, சில மணி நேரம் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

பைக்கில் போகும்போதே தணிந்தது அதிசயமில்லை. குளிர்ந்த இரவுக் காற்று பட்டால் சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும். ஆவி வேண்டாம், அதனால் பலன் கிடைத்ததாக நிரூபணம் இல்லை, வெந்நீர் கொட்டி வெந்துபோன பிள்ளைகள்தான் உண்டு. மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இரண்டு மூன்று இரவு இது திரும்பி வரலாம். தூக்கி மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். அழவிடாதீர்கள், அழ அழ மூச்சு இறுகும். இருமல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். அவன் அழாமல் சும்மா இருக்கும்போதும் மூச்சிழுக்கும் சத்தம் கேட்கிறதா, சட்டையைத் தூக்கினால் விலாவுக்கு நடுவே குழி விழுகிறதா, அதைப் பாருங்கள். எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, துவண்டாலோ பைக்கை எடுக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். சத்தம் குறைந்து பிள்ளையும் சோர்ந்து கிடந்தால் தேறிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. சளியே இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென இந்தச் சத்தம் வந்தால் அது வேறு கதை, வாயில் போட்டது எதுவோ மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். தரையில் வேர்க்கடலை சிந்திக் கிடந்ததா என்று பார்த்துக்கொண்டே கிளம்புங்கள்.