கிக்கருக்கு முன்னால் நின்றுவிடும் கால்கள்

வணக்கம் ஐயா,

பனிச்சறுக்கு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்கு வயது 33. இது என் நான்காவது பனிக்காலம். சாதாரணச் சரிவுகளில் நன்றாகவே இறங்குவேன். தாவியும் சுழன்றும் சறுக்கும் ஃப்ரீஸ்டைல் மீது இரண்டு ஆண்டுகளாகத் தீராத ஆசை. அதற்கென அமைத்த டெரெய்ன் பார்க்கில், தாவுவதற்காகப் பனியால் கட்டிய சிறிய கிக்கர்களை நேராகத் தாண்டுவேன், பாக்ஸ் எனும் பெட்டி வடிவத் தடைகளின் மேல் சறுக்குவேன். சென்ற பருவத்தில் முதன்முதலாக 360, அதாவது காற்றில் ஒரு முழுச் சுற்று, முயன்றேன். பாதிச் சுற்றிலேயே பக்கவாட்டில் விழுந்து விலாவில் பலத்த அடி. வலி சில வாரங்களில் போய்விட்டது, பயம் போகவில்லை. முன்பு எளிதாகத் தாண்டிய கிக்கரை நோக்கிப் போனாலும், விளிம்பு நெருங்கும்போது கால்கள் தாமாகவே பிரேக் போடுகின்றன. சில சமயம் விலகி நின்றுவிடுகிறேன், சில சமயம் வேகம் குறைந்தபடியே தாண்டிவிடுகிறேன். நண்பர்கள் "யோசிக்காதே, போய்விடு" என்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்னைக் கடந்து போய்ச் சுழன்று இறங்குகிறார்கள். இயல்பிலேயே எனக்குத் துணிவு இல்லையோ என்று தோன்றுகிறது. இந்தப் பயத்தை எப்படி வெல்வது? புதிய ஸ்கீ (சறுக்குப் பலகை) வாங்கினால் உதவுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கேள்வி துணிவைப் பற்றியது. ஆனால் எனக்கு முதலில் பதறியது அதற்கு முந்தைய வரியைப் படித்தபோதுதான். வேகம் குறைந்தபடியே தாண்டிவிடுகிறேன் என்கிறீர்கள். அதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். விலகி நின்ற நாட்களை நினைத்து வெட்கப்படுகிறீர்கள் என்பது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. என் பார்வையில் அந்த நாட்களில்தான் நீங்கள் சரியாக நடந்துகொண்டீர்கள்.

பார்க்கில் உள்ள கிக்கரின் வடிவத்தை ஒருமுறை மனத்தில் வரைந்து பாருங்கள். மேலிருந்து இறங்கும் பாதை, அதன் முடிவில் மேல்நோக்கி வளைந்து எழும் விளிம்பு, பிறகு மேசைபோல ஒரு சமதளம், சமதளம் முடியும் இடத்தில் கணுபோன்ற ஒரு முனை, அதற்கப்பால் கீழே சாயும் இறங்குசரிவு. அந்த முனையை நக்கிள் என்பார்கள். நக்கிளைத் தாண்டிச் சரிவில் இறங்கினால், விழும் வேகத்தின் பெரும்பகுதி சரிவின் போக்கிலேயே ஓடிவிடுகிறது. முழங்கால் தாங்க வேண்டியது மீதியை மட்டும். அதே உயரத்திலிருந்து சமதளத்திலோ நக்கிளிலோ விழுந்தால் அத்தனை வேகமும் ஒரு கணத்தில் நிற்கிறது. அதை உடல் வாங்கிக்கொள்கிறது. குறைந்த வேகத்தில் தாண்டுபவர் போய் விழுவது அந்த இடத்தில்தான். பாதுகாப்புக்காகப் போட்ட பிரேக்கே ஆபத்தான இடத்துக்கு அழைத்துப்போகிறது.

இது என் உடம்பில் எழுதப்பட்ட பாடம். என் இரண்டாவது பருவத்தில் உடன் வந்த ஒருவர் "ஒன்றும் ஆகாது, போங்கள்" என்றார். போனேன். பாதி வழியில் மனம் மாறியது, ஸ்கீக்களின் முனைகளைக் குவித்து வேகத்தைக் குறைத்தேன், அதற்குள் விளிம்பு வந்துவிட்டது. நக்கிளில் தோள் மோதிக் காறையெலும்பு முறிந்தது. அந்தப் பருவம் அத்துடன் முடிந்தது.

மறு ஆண்டு திரும்பிப் போனபோது முதல் நாள் முழுவதும் நான் தாண்டவில்லை. இறங்குமிடத்திலிருந்து விலகி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஓரமாக நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எங்கிருந்து புறப்படுகிறார்கள், எங்கே போய் இறங்குகிறார்கள் என்று மட்டும். மதியத்துக்குள் ஒன்று பிடிபட்டது. நன்றாக இறங்கியவர்கள் எல்லோரும் மேலே நின்றபோதே முடிவெடுத்திருந்தார்கள். புறப்பட்ட பிறகு அவர்கள் உடம்பில் எந்தத் தயக்கமும் இல்லை. மோசமாக விழுந்தவர்களில் பலர் வழியில் எதையோ மாற்றினார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். மேலே நின்று "நேராகத் தாண்டுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்வேன். சொல்ல முடிந்தால் போவேன். குரல் தடுமாறினால் கிக்கரின் பக்கவாட்டில் இறங்கிப் போய்விடுவேன். அதுவும் மேலேயே எடுத்த முடிவுதான். நடுவழியில் முடிவெடுக்கும் உரிமையை என் கால்களுக்கு நான் கொடுப்பதில்லை.

இனி துணிவு. அது இயல்பிலேயே சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன்னம்பிக்கையை உடல் எழுதி வைத்திருக்கும் வரவு செலவுக் கணக்காகவே பார்க்கிறேன். வெற்றிகரமாக இறங்கிய ஒவ்வொரு முறையும் அதில் வரவு, விழுந்தது செலவு. உங்கள் கணக்கில் 360-க்கு எதிரே ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது, அது விலாவில் பட்ட அடி. அந்தக் கணக்கைப் பார்த்து உடல் பிரேக் போட்டால் அதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதைப் பற்றி எழுதினார். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்களின் ஊக்கச் சொற்கள், தன் உடலின் படபடப்பைத் தானே எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் வலுவானது முதலாவது. ஊக்கச் சொற்கள் தரும் நம்பிக்கை ஒரே ஒரு தோல்வியில் கலைந்துவிடக்கூடியது. உங்கள் நண்பர்கள் அன்பாகத்தான் "போய்விடு" என்கிறார்கள். ஆனால் அவர்கள் தருவது கடன். கணக்கில் வரவாக அதை எழுத முடியாது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒரு நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், ஒரே பெரிய தாவலில் செய்யும் சாகசத்துக்கு மதிப்பெண் தரும் பிக் ஏர் முதன்முறையாக ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. சீனாவுக்காகப் போட்டியிட்ட 18 வயது எய்லீன் கூ தன் கடைசித் தாவலில், அதுவரை பயிற்சியில்கூட முயன்றிராத 1620-ஐச் செய்து தங்கம் வென்றார். அதற்குச் சற்று முன் தொலைபேசியில் பேசிய தாய் 1440-ஐச் செய்யும்படிதான் சொன்னாராம். இதை வெறும் துணிவின் கதையாகச் சொல்லிச் சொல்லியே பாழாக்கிவிட்டார்கள் என்பது என் ஆதங்கம். 1440 என்றால் நான்கு முழுச் சுற்று, 1620 என்றால் நான்கரை. நான்கு சுற்றுகளும் அவர் கணக்கில் முன்பே வரவாகியிருந்தன. பார்ப்பவர்களுக்கு அது பாதாளத்தைத் தாண்டிய தாவல், அவருக்கோ அரைச் சுற்று. அந்த அரைச் சுற்றுக்கு மகத்தான துணிவு வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பூஜ்யத்திலிருந்து தாவவில்லை. நீங்கள் நேர்த் தாவலிலிருந்து ஒரேயடியாக ஒரு முழுச் சுற்றுக்குப் போனீர்கள்.

எனவே 360-ஐ உடைத்துவிடுங்கள். முதலில் ஸ்விட்ச், அதாவது பின்புறமாகச் சறுக்குவது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பாதிச் சுற்றில் நின்றுபோனால் நீங்கள் பின்புறமாக இறங்குவீர்கள். பின்புறமாகச் சறுக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு 180, அப்படியே சறுக்கிப் போய்விடலாம். தெரியாதவருக்கு அது விபத்து. காற்றில் இருக்கும்போது தப்பிக்க ஒரு வாசல் உண்டு என்று உடலுக்குத் தெரிந்துவிட்டால், அந்த இறுக்கத்தில் பாதி தளர்ந்துவிடும். சில வாரங்கள் மிக எளிய சரிவில் ஸ்விட்ச் மட்டும் பழகுங்கள். தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டு, இரண்டு பக்கமும். சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

அதோடு கூடவே, தரையை விட்டு எழாமல், பனியின் மேலேயே ஸ்கீக்களைத் தட்டையாக வைத்து முழுச் சுற்றுச் சுழன்று பாருங்கள். ஸ்கீயின் ஓரம் எப்போது பனியில் சிக்குகிறது, எப்போது விடுகிறது என்று பாதங்கள் கற்றுக்கொள்ளும் இடம் அது. ஸ்கீ இல்லாமல் டிராம்போலினில் சுழலுங்கள், வாய்ப்பில்லையென்றால் வெறும் தரையில் குதித்துச் சுழலுங்கள். பிறகு சரிவின் ஓரத்தில் இயல்பாகவே இருக்கும் சிறு மேடுகளில் 180. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்க வேண்டாம். காற்றில் குட்டிக்கரணம் அடிக்கும் ஏரியல்ஸ் போட்டியாளர்கள் கோடையில் தாவிக் குளத்தில் விழுந்து பழகுகிறார்கள். நீருக்கடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டு, விழும் இடத்தை மென்மையாக்கி வைத்திருப்பார்கள். உலகின் மிகச் சிறந்தவர்களே தோற்றால் வலிக்காத இடத்தைத் தேடிப் போய்த்தான் கற்கிறார்கள்.

உங்கள் விழுதலைப் பற்றி என் ஊகம் ஒன்று. பக்கவாட்டில் விழுந்தேன் என்கிறீர்கள். பெரும்பாலும் விளிம்பை விட்டு நீங்கும் முன்பே சுழலத் தொடங்கியிருப்பீர்கள். அவசரம் அது. தோள் முதலில் திரும்பும், ஸ்கீக்கள் விளிம்பில் வழுக்கும், ஒரு கால் முன்னால் எழும், உடலின் அச்சு சாய்ந்துவிடும். பார்வை பனியை நோக்கிக் கீழே போனாலும் இதே கதிதான், கண் போகும் பக்கம் தோள் சரியும். விளிம்பில் நிமிர்ந்து, இரண்டு கால்களாலும் ஒன்றாக எம்பி எழுங்கள். சுழற்சிக்கான உந்துதல் அந்த எம்புதலோடு சேர்ந்து வர வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. பிறகு தலையும் தோளும் அடிவானத்தின் மட்டத்திலேயே திரும்பட்டும். முக்கால் சுற்றில் இறங்குமிடம் கண்ணில் படும். பட்டவுடன் கைகள் முன்னால், முழங்காலுக்குக் கீழே காலின் முன்பகுதி பூட்ஸின் நாக்கை அழுத்தியபடி. பின்பக்கம் சாய்ந்து இறங்காதீர்கள், முழங்காலின் தசைநார் அப்படி அறுந்துபோகக்கூடும்.

வேகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. காலையில் பனி உறைந்து கெட்டியாக வேகமாக ஓடும், வெயில் ஏறியதும் இளகி இழுக்கும். காலையில் புறப்பட்ட அதே இடத்திலிருந்து பிற்பகலில் புறப்பட்டால் நக்கிளில் விழலாம். ஒவ்வொரு நாளும் முதல் இறக்கத்தில் தாண்டாமல் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். அந்தக் கிக்கரை நன்கு அறிந்த ஒருவரின் பின்னால், போதிய இடைவெளி விட்டு, அவர் வேகத்திலேயே போய்ப் பழகுங்கள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உங்களை ஒப்பிட வேண்டாம். எடை குறைந்த சிறு உடல், விழும் அடியும் குறைவு. அதோடு நீங்கள் வேலைக்குப் போகும் நாட்களில் அவர்கள் அந்தக் கிக்கரை நூறு முறை தாண்டியிருப்பார்கள்.

பயம் முழுவதும் போய்விட வேண்டும் என்று விரும்பாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. கனடாவின் ஃப்ரீஸ்டைல் ஸ்கீ வீராங்கனை சாரா பர்க்கை நினைக்காமல் என்னால் இதைப் பற்றி எழுத முடியாது. சாகச விளையாட்டுகளுக்கான எக்ஸ் கேம்ஸ் போட்டியில் நான்கு தங்கம் வென்றவர், அரைக்குழாய் வடிவப் பனித்தடத்தில் நடக்கும் ஹாஃப்பைப் ஸ்கீ போட்டி பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடம்பெற ஓயாமல் வாதாடியவர். 2012 ஜனவரியில் யூட்டாவின் பார்க் சிட்டியில் பயிற்சியின்போது விழுந்து, ஒன்பது நாட்களுக்குப் பின் இறந்தார். வயது 29. அவர் கேட்ட போட்டி 2014-இல் சோச்சியில் நடந்தது. அவரைவிட அதிகம் பயின்றவர் அந்தக் காலத்தில் அரிது. இந்த விளையாட்டு நமக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 'வேகம் போதாது', 'களைத்துவிட்டாய்', 'பனி கெட்டியாகிவிட்டது' என்று பயம் குறிப்பாக ஒன்றைச் சொன்னால் கேளுங்கள், அது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். எதையும் சொல்லாமல் வெறுமனே உறைய வைக்கும் பயம் வேறு. அதற்கு மருந்து ஒரு படி கீழே இறங்கி, உடல் சிரமமில்லாமல் சம்மதிக்கும் அளவுக்குச் செயலைச் சிறிதாக்குவது. அங்கே பத்து முறை சுத்தமாக இறங்குங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை தடுமாறினால் அன்றைக்குப் போதும். மாலையில் கால்கள் களைத்திருக்கும்போது "கடைசியாக ஒரு முறை" என்று மட்டும் மேலே போகாதீர்கள்.

ஸ்கீயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களுடையது இரு முனையும் வளைந்த ட்வின் டிப் என்றால் மாற்றத் தேவையில்லை, பணத்தை ஒரு பயிற்சியாளருடன் சில மணி நேரம் செலவிடப் பயன்படுத்துங்கள். பின்முனை தட்டையான ஸ்கீ என்றால் மாற்றத்தான் வேண்டும், அதில் ஸ்விட்ச் பழகுவது வீண் சித்திரவதை. எதுவாக இருந்தாலும், பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை உங்கள் எடைக்கும் திறனுக்கும் ஏற்ப ஒரு தொழில்நுட்பரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். சென்ற பருவத்தில் விழுந்தபோது தலையும் மோதியதா என்று நீங்கள் எழுதவில்லை. மோதியிருந்தால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், அந்தத் தலைக்கவசத்தை மீண்டும் அணியாதீர்கள். அடுத்த முறை மலைக்குப் போகும் முன்பே புதியது வாங்கிவிடுங்கள்.