வாசகர் கேள்விகள்: பழங்குடி மொழிகளும் பள்ளிக்கூடமும்

கேள்வி: 2022 முதல் 2032 வரையிலான காலத்தைப் பழங்குடி மொழிகளுக்கான பத்தாண்டாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது. அறிவிப்பால் ஒரு மொழி பிழைத்துவிடுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பிழைக்காது. குழந்தைகள் பேசினால்தான் மொழி பிழைக்கும். ஆனால் ஓரிடத்தில் பலன் தந்த வழியை இன்னோர் இனத்தார் அறிந்து கைக்கொள்வதற்கு நாடுகளுக்கிடையேயான உறவு பெரிதும் உதவும். அதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்களே சான்று.

அங்கே 1867-ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. தாய்மொழியில் பேசியதற்காக வகுப்பில் அடிவாங்கியவர்கள், தம் பிள்ளைகளுக்காவது அந்தத் துன்பம் வேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். நூறாண்டுக்குப் பிறகு சரளமாகப் பேசியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அந்த முதியவர்களையே ஆசிரியர்களாக்கி, 1982-இல் வெலிங்டனுக்கு அருகிலுள்ள வைனுயியோமாட்டாவில் முதல் 'கோஹங்கா ரெயோ', அதாவது மொழிக்கூடு, திறக்கப்பட்டது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் பகல் முழுவதும் அங்கே இருப்பார்கள். உணவு ஊட்டுவது, உறங்க வைப்பது, சண்டையை விலக்குவது எல்லாம் மாவோரியிலேயே நடக்கும்.

இந்த முயற்சியைக் கண்டு ஊக்கம் பெற்ற ஹவாய் ஆசிரியர்கள் 1983-இல் 'ஆஹா பூனானா லேயோ' என்ற அமைப்பைத் தொடங்கி, மறு ஆண்டே கௌவாய் தீவில் தங்கள் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தார்கள். பள்ளிகளில் ஹவாய் மொழிவழிக் கல்விக்கு 1896 முதல் இருந்துவந்த சட்டத்தடை 1986-இல்தான் நீங்கியது. 1987-இல் அரசுப் பள்ளிகளிலும் வகுப்புகள் தொடங்கின. பாடநூல்கள் இல்லாததால், பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து, ஹவாய் மொழியில் எழுதிய வரிகளைக் கத்தரித்து ஆங்கிலப் புத்தகங்களின் வரிகள்மேல் ஒட்டினார்கள். அப்படிப் படித்தவர்களில் முதல் அணியினர் 1999-இல் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். எந்த மாநாட்டுத் தீர்மானத்தையும்விட இந்த ஒட்டுவேலையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கேள்வி: பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்கிறார்களே, பிறகு அதனால் என்ன பயன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். தம் மொழியில் கற்பிக்கும் கல்வி நிலையங்களைத் தாமே நிறுவி நடத்தும் உரிமை பழங்குடி மக்களுக்கு உண்டு என்று அதன் 14-ஆம் பிரிவு கூறுகிறது. 2007-இல் அதை எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் நியூசிலாந்தும் அமெரிக்காவும் இருந்தன. 2010-இல் அவ்விரண்டும் ஆதரவு தெரிவித்தன. ஆவணம் தானாக எதையும் செய்யாது, உரிமை கேட்பவர் கையில் அது பிடிமானமாகிறது. 1840-இல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே கையெழுத்தான வைதாங்கி உடன்படிக்கையை மாவோரி மக்கள் அப்படித்தான் பயன்படுத்தினார்கள். காக்கப்பட வேண்டிய செல்வம் என்று உடன்படிக்கை சொல்வதில் மொழியும் அடங்கும் என அவர்கள் முறையிட, வைதாங்கித் தீர்ப்பாயம் 1986-இல் அதை ஏற்றது. மறு ஆண்டே மாவோரி ஆட்சிமொழியானது.

கேள்வி: இத்தகைய மொழிகளுக்கு உதவ முன்வரும் நாடுகளும் நிறுவனங்களும் எதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆசிரியர்களை உருவாக்குவதற்கு. பின்லாந்தின் வடகோடியில் சில நூறு பேர் மட்டுமே பேசும் இனாரி சாமி மொழிக்கு, மாவோரி முறையைப் பின்பற்றி 1997-இல் மொழிக்கூடு அமைத்தார்கள். குழந்தைகள் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் முதியவர்களுக்கும் அவர்களுக்கும் இடைப்பட்ட வயதில் மொழி அறிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்ததால், கற்பிக்க ஆள் கிடைக்கவில்லை. ஆகவே 2009-இல், வேலைசெய்யும் வயதிலிருந்த 17 பேருக்கு ஓராண்டு முழுநேரப் பயிற்சி அளித்தார்கள். வகுப்போடு நிற்காமல், அவர்கள் முதியவர்களின் வீடுகளுக்குச் சென்று பேசிப் பழகினார்கள். மீன் பிடிக்கும் இடத்திலும் சமையலிலும் உடனிருந்து மொழியைக் கற்றார்கள். பயிற்சி முடித்தவர்களில் பலர் இன்று அந்த மொழியிலேயே பள்ளிகளிலும் மழலையர் கூடங்களிலும் பணியாற்றுகிறார்கள்.