சும்மா நிற்கிறவர்

கேள்வி: உதைபந்தாட்டத்தில் ஸ்ட்ரைக்கர் என்று ஒருவர் எதிரணியின் கோல் வாசலுக்கு முன்னால் 85 நிமிடம் சும்மா நிற்கிறார். மற்றவர்கள் ஓடிக் களைத்துக் கொண்டுவந்து கொடுக்கும் பந்தைத் தட்டிவிட்டுப் பெயரையும் பணத்தையும் அள்ளிக்கொள்கிறார். இது நியாயமா?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: பணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 'சும்மா நிற்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப்போக எனக்கு மனமில்லை.

வெள்ளவத்தைக்காரருக்கு 100 இலக்க பஸ்ஸைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு பம்பலப்பிட்டியில் நின்று பாருங்கள். பஸ்ஸின் தலை தெரிந்ததும் முழுக் கூட்டமும் அதை நோக்கி ஓடும். சாரதி தரிப்பிடத்தில் நிறுத்தமாட்டார். இருபது அடி தள்ளி நிறுத்துவார், அல்லது நிறுத்தாமலே ஊர்ந்துகொண்டு போவார். ஓடினவர்கள் எல்லோரும் திரும்பி ஓடுவார்கள். ஒரு மனிதர் மட்டும் அந்த இருபது அடி தள்ளிய இடத்தில் முன்னமே நிற்பார். ஒரு கையில் பை, மற்றக் கையில் சில்லறை. மிதிபலகை அவருடைய காலடிக்கு வந்து சேரும். ஏறி ஜன்னலோரம் இருந்துவிடுவார். கீழே நிற்பவர்களில் யாராவது ஒருவர், "அந்தாளுக்கு லக்" என்பார். லக் எங்கே வந்தது? முன்னால் போகும் முச்சக்கர வண்டி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, சமிக்ஞை விளக்கு எப்போது மாறும், நடத்துநர் தலையை எங்கே நீட்டுகிறார், பின்னால் 101 துரத்திக்கொண்டு வருகிறதா, இத்தனையையும் கணக்குப் பார்த்துத்தான் அவர் அங்கே நின்றார். ஓடினவர்கள் பஸ்ஸைப் பார்த்தார்கள். அவர் வீதியைப் பார்த்தார்.

உதைபந்தாட்டத்தில் அந்த மனிதர் கெர்ட் முல்லர். 1945இல் ஜேர்மனியின் நேர்ட்லிங்கன் என்ற சிறு நகரத்தில் பிறந்து, நெசவு பழகி, 1964இல் பயேர்ன் மியூனிக்கில் சேர்ந்தார். அப்போது பயேர்ன் முதற்பிரிவில்கூட இல்லை. குட்டையாக, தொடை பெருத்து நின்ற பையனைப் பார்த்த பயிற்றுநர் 'குட்டிக் குண்டு முல்லர்' என்று பெயர் வைத்தார். அந்தக் குட்டிக் குண்டு மேற்கு ஜேர்மனிக்காக 62 போட்டிகளில் 68 கோல் போட்டார். ஜேர்மன் லீக்கில் 427 போட்டிகளில் 365. 1971-72 பருவத்தில் மட்டும் 40 கோல். அந்தச் சாதனையை முறியடிக்க 2021இல் அதே பயேர்னின் லெவன்டொவ்ஸ்கி 41ஆவது கோலைப் போட வேண்டியிருந்தது. முல்லரின் கோல்களில் பெரும்பாலானவை கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டிப் பெட்டிக்குள் இருந்தே வந்தவை. உங்கள் கணக்குப்படி, சும்மா நின்று போட்டவை.

1974 ஜூலை 7, மியூனிக், உலகக் கிண்ண இறுதிப்போட்டி. நெதர்லாந்தும் மேற்கு ஜேர்மனியும் ஆளுக்கு ஒரு பெனால்டியில் 1-1. 43ஆவது நிமிடத்தில் ஜேர்மனியின் பொன்ஹோஃப் வலப்பக்கத்தால் போய்ப் பந்தை உள்ளே தள்ளுகிறார். முல்லர் கோலை நோக்கி ஓடுகிறார், நெதர்லாந்துப் பின்கள வீரர்களும் அவரோடு ஓடுகிறார்கள். திடீரென்று அவர் நின்றுவிடுகிறார். மற்றவர்களால் அப்படி நிற்க முடியவில்லை, வந்த வேகம் அவர்களை இன்னும் இரண்டு எட்டுக் கொண்டுபோய்விடுகிறது. பந்து அவருக்குச் சற்றுப் பின்னால் வந்து இடது காலில் பட்டு இன்னும் பின்னால் போகிறது. நல்ல வீரர்கள் பலர் அந்த இடத்தில் பந்தை இழந்திருப்பார்கள். அவர் பந்துக்குப் பின்வாங்கி, இடுப்பைத் திருப்பி, வலது காலால் நிலத்தோடு உருட்டிவிட்டார். கோல் காப்பாளர் ஜொங்புளூட் அசையவேயில்லை. 2-1, கிண்ணம் ஜேர்மனிக்கு. அந்தக் கோலை உண்டாக்கியது ஓட்டமா, நிற்பா? ஒளிப்பதிவைத் தேடி எடுத்து, பந்தை விட்டுவிட்டு முல்லரின் கால்களை மட்டும் பாருங்கள்.

இதே சண்டையை நமது விளையாட்டுப் பக்க நண்பர்களோடும் நெடுங்காலமாகப் பிடித்துவருகிறேன். கோல் வாசலுக்கு முன்னால் ஒரு பையன் காலை நீட்டி உள்ளே தள்ளிவிட்டால் 'அதிர்ஷ்ட கோல்' என்று எழுதுவார்கள். கிரிக்கெட்டில் ஒருவர் ஸ்லிப்பில் நின்று பிடி எடுத்தால் அது அபாரமான பிடி! அவரும் முழு நாளும் நின்றவர்தானே? கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம், உதைபந்துக்கு மூலையில் மூன்று வரி. அந்த மூன்று வரியிலும் பிள்ளையின் மூளையைக் களவெடுத்து அதிர்ஷ்டத்தின் பெயரில் எழுதிவைத்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கோலே போடாமல் நின்ற ஸ்ட்ரைக்கரும் உண்டு. பிரான்ஸின் ஒலிவியே ஜிரூ 2018 உலகக் கிண்ணத்தில் ஏழு போட்டியிலும் ஆடி ஒரு கோலும் போடவில்லை. பிரான்ஸ் சம்பியன். இரண்டு பின்கள வீரர்களை முதுகில் சுமந்து அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் சக வீரர்கள் எம்பாப்பேக்கும் கிரீஸ்மனுக்கும் வழி திறந்தது. அவர் பிறகு 57 கோலுடன் தன் நாட்டின் அதிகூடிய கோல்காரராகவும் ஆனார்.

இனிப் பணம். ஸ்ட்ரைக்கர் நிற்கும் இடம்தான் மைதானத்திலேயே அதிகம் அடிவாங்கும் இடம். முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காலை அவர் காண்பதில்லை. நெதர்லாந்து ஸ்ட்ரைக்கர் மார்கோ வன் பாஸ்டன் மூன்று தடவை ஐரோப்பாவின் சிறந்த வீரர். கணுக்கால் போய், 28 வயதில் கடைசிப் போட்டி ஆடினார். 1958இல் ஒரே உலகக் கிண்ணத்தில் 13 கோல் போட்ட ஜூஸ்ட் ஃபொன்டெய்னும் கால் முறிந்து 28 வயதில்தான் ஓய்ந்தார். ஒரு கணக்காளர் 28 வயதில் அப்போதுதான் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கிறார். ஆகவே அவர்கள் வாங்குவதை வாங்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.

கொழும்பில் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்பதுதான் என் கவலை. இங்கே யார் அள்ளிக்கொண்டார்? 1995இல் இதே கொழும்பில் இந்தியாவைத் தங்கக் கோலால், அதாவது மேலதிக நேரத்தில் ஆட்டத்தை அந்த இடத்திலேயே முடித்துவைக்கும் கோலால், வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தோம். 2021 நவம்பரில் மாலைதீவுடன் 4-4. நான்கு கோலும் வசீம் ராசிக்குடையவை. அவர் ஜேர்மனியில் ஆடப் பழகியவர். நம் மண்ணில் பழகியவர்கள்? நமது பாடசாலைகளில், யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸிலும் இளவாலை சென். ஹென்றிஸிலும் ஸாஹிராவிலும் கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட்டிலும் நிற்கத் தெரிந்த பையன்கள் வருகிறார்கள். உயர்தரம் வந்ததும் பாதிப் பேரை ரியூஷன் கொண்டுபோகிறது. மிச்சப்பேரில் பலர் இராணுவத்திலோ கடற்படையிலோ பொலிஸிலோ வேலையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள், அல்லது பகல் வேலை முடித்துக் கழகத்துக்கு வருகிறார்கள். அதற்குமேல், 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. நிர்வாகத்தினருக்கு அது கடிதப் போக்குவரத்து. 26 வயது ஸ்ட்ரைக்கருக்கு அது சர்வதேசப் போட்டியே இல்லாத ஏழு மாதம், திரும்பி வராத ஏழு மாதம்.

முல்லரின் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது, நான் அதிகம் நினைப்பது அதைத்தான். 1979இல் பயேர்னை விட்டு அமெரிக்கா போனார், ஆட்டம் முடிந்தது, குடியில் விழுந்தார். 68 கோல் அவரைக் காப்பாற்றவில்லை. பழைய தோழர்கள் காப்பாற்றினார்கள். 1990களின் தொடக்கத்தில் ஹூனஸும் பெக்கன்பவரும் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பி, பிறகு கழகத்திலேயே பயிற்சி வேலையும் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் இரண்டாம் அணிப் பையன்களுடன் நின்றார். அந்த அணியால் வந்தவர்களில் ஒருவர் தோமஸ் முல்லர். உறவுக்காரர் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. 2010 உலகக் கிண்ணத்தில், கெர்ட் அணிந்த அதே 13ஆம் இலக்கத்துடன், ஐந்து கோல் போட்டு, கோல்காரருக்கான தங்கக் காலணி விருதை வாங்கினார். வேகமும் இல்லை, உடற்கட்டும் இல்லை, ஆனால் வெற்றிடம் எங்கே திறக்கும் என்று அவருக்குத் தெரியும். கெர்ட் 2021இல் காலமானார்.

கொட்டாஞ்சேனையிலும் கொம்பனித்தெருவிலும் மாளிகாவத்தையிலும் மைதான ஓரத்தில் முழங்கால் போன பழைய ஸ்ட்ரைக்கர்கள் நின்று ஆட்டம் பார்க்கிறார்கள். எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவர்களிடம் கேட்பார்தான் இல்லை. கொழும்புக் கழகங்களின் செயலாளர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள் என்று நம்பிச் சொல்கிறேன்: அடுத்த பருவத்துக்கு முன் அவர்களில் ஒருவரைக் கோட்டுக்கு உள்ளே கூப்பிடுங்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட அணியின் முன்கள வீரர்களை அவர் கையில் கொடுங்கள். பஸ் காசையாவது கழகம் கொடுக்கட்டும்.